எப்படித் தெரியும்?

(கெலமங்கலத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரிய பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கின்றன என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் தக்காளியிலிருந்து தொடங்குகிறேன்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல் குழுவில் மூன்று வருடம் உட்கார்ந்தேன். ஒரு நாள் ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். அப்பா தக்காளி போடுகிற விவசாயி. பொருளாதாரம் படிக்க விண்ணப்பித்திருந்தாள். என் பக்கத்தில் இருந்த பேராசிரியர், "தக்காளி விலை ஏம்மா இப்படி ஏறி இறங்குது?" என்று கேட்டார். "தேவை, அளிப்பு" என்று ஆரம்பித்து, பாடப்புத்தகத்தில் உள்ளதை ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். பிழையில்லாத பதில். அவர் தலையாட்டிவிட்டு, "சரி, இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். "தமிழ்லயே சொல்லும்மா" என்றேன்.

"கேரளா வண்டியை எண்ணுவேன் சார்" என்றாள்.

விடியுமுன் அப்பாவோடு மண்டிக்குப் போவாளாம். ஏலம் தொடங்குவதற்குள் கேரளப் பதிவெண் லாரி எத்தனை நிற்கிறது என்று எண்ணிவிடுவாள். நிறைய நின்றால் 25 கிலோ கூடைக்கு நல்ல விலை வரும். இரண்டு, மூன்று மட்டும் நின்றால் அப்பா அன்று சாயங்காலம் வரை யாரிடமும் பேசமாட்டார். அவள் சொன்ன அடுத்த பகுதியை என்னால் மறக்க முடியாது. "ஒரு நாள் பதினோரு வண்டி நின்னுச்சு சார். விலை ஏறும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். விழுந்துடுச்சு. ஏன்னு ரெண்டு நாளா புரியலை. அப்புறம் ஒரு டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டேன். கோலார்லயும் தக்காளி வர ஆரம்பிச்சிருச்சு, இங்க படியலைன்னா அங்க போயிடுவோம்னாரு. அதுக்கப்புறம் வண்டியை மட்டும் எண்றதில்லை. கோலார் விலையையும் விசாரிச்சுக்குவேன்."

அன்று வந்த பிள்ளைகளில் அவளுடைய மதிப்பெண் நடுவாந்தரம். அவளுக்கு இடம் கிடைத்தது. தக்காளி விவசாயி மகள் என்ற இரக்கத்தால் கிடைத்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தான் நினைத்தது எந்த நாளில் பொய்த்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் பொய்த்தது என்று தேடிப் போயிருந்தாள். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் செய்யப்போகிற வேலையே அதுதான். அதை அவள் மண்டியில் ஏற்கெனவே தொடங்கிவிட்டாள்.

நம் ஊர்ப் பள்ளிகளில் நாம் கேட்கிற கேள்வி "எவ்வளவு?" என்பது. எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு குறைந்தது, பக்கத்து வீட்டுப் பெண் எவ்வளவு. "எப்படித் தெரியும்?" என்று நாம் கேட்பதே இல்லை. முப்பது வருடம் நானும் கேட்கவில்லை. இன்று உங்கள் முன் நின்று பேசுவதற்கு அதுதான் காரணம்.

அதற்காக மதிப்பெண்ணை நான் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது வாசலைத் திறந்தது, முடியாத பிள்ளைக்கு மூடியது. 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தோம். இன்று பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்ஆஃப் போடுகிறார்கள். உன் அப்பா யார், உனக்கு ஆங்கிலம் பேச வருமா, என்ன சட்டை போட்டிருக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இது பெரிய நியாயம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம், மருத்துவத்தில் 2020இலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021இலும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, இந்திய அறிவியல் நிறுவனம், எய்ம்ஸ் ஆகியவற்றில் இளநிலைப் படிப்புக்குப் போனால் முழுச் செலவையும் அரசு ஏற்கும் என்று 2022 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பெற்றோர்களே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "அவ்வளவு தூரம் அனுப்பினால் செலவுக்கு எங்கே போவது" என்று பிள்ளையிடம் சொல்லுமுன் ஒரு முறை தலைமையாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள்.

ஆனால் கலந்தாய்வைத் தாண்டியும் வாசல்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. 1989இல் தொடங்கியது. கணக்கில் உலகம் மதிக்கிற இடம். பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அவர்களுடைய நுழைவுத் தேர்வை எழுதித்தான் சேர வேண்டும். அதில் ஒரு பகுதியில் விடை மட்டும் போதாது, ஏன் அப்படி என்று நிறுவிக் காட்ட வேண்டும். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். இது அவர்கள் கேட்ட கேள்வி இல்லை, ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு வகுப்பில் கேட்டது. இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை எண் வரும். எப்படித் தெரியும்? மூன்றும் ஐந்தும் எட்டு, ஏழும் ஒன்பதும் பதினாறு என்று கூட்டிக் காட்டுவீர்கள். இன்னும் கூட்டாத எண்களுக்கு என்ன உத்தரவாதம்? ஒரு பெண் எழுந்து சொன்னாள்: "ஒரு வகுப்பை ஜோடி ஜோடியா நிக்க வெச்சா ஒருத்தி மிஞ்சுறா மிஸ். இன்னொரு வகுப்புலயும் ஒருத்தி மிஞ்சுறா. மிஞ்சின ரெண்டு பேரையும் சேர்த்து விட்டா அதுவும் ஒரு ஜோடி." முடிந்தது. எந்த எண்ணாக இருந்தாலும் இனி சந்தேகமில்லை. இதற்கு எந்த வழிகாட்டி நூலும் வேண்டியதில்லை. வகுப்பில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு. கேள்விகள் பெரும்பாலும் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கப்படுகின்றன. சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதியிருப்பது என்ன, எழுதாமல் நாமாக நினைத்துக்கொள்வது என்ன என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தினமும் ஒரு தலையங்கத்தைப் படித்து, இவர் சொல்வதற்கு ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது என்று கோடு போட்டுப் பழகுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022இலிருந்து கியூட் நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. அதைப் பற்றி உங்கள் ஆசிரியர்களே சொல்வார்கள், நான் கடந்து போகிறேன்.

சென்னை ஐஐடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜேஇஇ முதன்மைத் தேர்வில் தேறுகிறவர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர்தான் அட்வான்ஸ்டு எழுத முடியும், பெரும்பாலும் அதில் ரேங்க் வாங்கினால்தான் உள்ளே. அந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்று உங்களுக்குத் தெரியும். அதே ஐஐடி 2020இல் இணைய வழியில் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. இப்போது அது தரவு அறிவியலில் பி.எஸ். பட்டம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ தேறிய யாரும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள், வாரா வாரம் பயிற்சி தருகிறார்கள், அதன்பின் அதே பாடத்தில் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். நீ ஏற்கெனவே என்ன பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாய் என்று பார்ப்பதைவிட, நாங்கள் சொல்லிக்கொடுத்ததை உன்னால் பிடித்துக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கிற முறை இது. வயது வரம்பு கிடையாது. குடும்ப வருமானம் குறைவென்றால் கட்டணச் சலுகை உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம்.

வேலை என்றதும் நம் ஊரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் ஓசூர் என்றால் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். ஐடிஐ முடித்த பையன்கள் போவார்கள். இன்று உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு, பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் நேராகக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். மகள் கையில் முதல் சம்பளம் வந்த அன்று அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் போய் "ஏன் அனுப்பினீர்கள்" என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளை, படிப்பு முடிந்துபோனது என்று நினைத்து ஏற வேண்டாம். அந்தத் தொழிற்சாலையில் ஒரு பொருள் ஏன் தேறாமல் திரும்பி வருகிறது என்று கவனித்த பெண்ணிடம், எந்த நேர்காணலிலும் சொல்ல விஷயம் இருக்கும்.

நேர்காணல் வைத்துச் சேர்க்கிற இடங்களில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். எல்லையைத் தாண்டினால் சர்ஜாபுரா. எழுத்துத் தேர்வு வைத்து, அதில் வந்தவர்களை நேரில் அழைத்துப் பேசுகிறார்கள். கட்டணத்தைக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் குறைக்கிறார்கள், முழுவதும் தள்ளுபடி ஆவதும் உண்டு. படிக்கப் பெங்களூர் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளியில் படித்த பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குத்தான் போனார்.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்டீர்கள். அமெரிக்காவில் பல நூறு கல்லூரிகளுக்கு ஒரே பொது விண்ணப்பம் இருக்கிறது. அதில் 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று எழுதப் பத்து இடம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் நம் பிள்ளைகள், "எங்களிடம் பியானோ இல்லை, நீச்சல் இல்லை, என்ன எழுதுவது" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். அங்கே என்ன வகை என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் 'குடும்பப் பொறுப்பு' என்று ஒன்றும் 'சம்பளத்துக்கு வேலை' என்று ஒன்றும் இருக்கிறது. காலையில் இரண்டு மாடு கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அழைத்து வருகிற பிள்ளைகள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பாருங்கள், பாதிப் பேர். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் அவர்களே கேட்கிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் நான் தயாரில்லை. 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் தேர்வில் நன்றாக எழுதி அதிகமாக உள்ளே வந்தார்கள். அதைக் குறைக்க வழி தேடியபோதுதான் 'குணம்', 'ஆளுமை' என்றெல்லாம் பார்க்க ஆரம்பித்தார்கள். கோட்டும் டையும் உள்ள பிள்ளைக்கு ஆளுமை சுலபமாக வாய்த்துவிடுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி, கொரோனா காலத்தில் சாட் என்ற பொதுத் தேர்வைக் கட்டாயமில்லை என்று விட்டது. 2022இல் மறுபடி கொண்டுவந்தது. வசதியில்லாத பள்ளியில் படித்த திறமையான பிள்ளையைக் கண்டுபிடிக்க அந்தத் தேர்வு உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள். அது நம் கையில் இருக்கிற கேடயம். ஆனால் கேடயத்தை மட்டும் வைத்துக்கொண்டு நேர்காணல் அறைக்குள் போக முடியாது.

சான்றிதழ்கள் பற்றி ஒரு வார்த்தை. நேர்காணலுக்கு ஒரு பையன் பதினான்கு சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தான். நல்ல பையன். அம்மா இரவெல்லாம் அடுக்கியிருப்பார். அதில் ரோபோ பயிற்சி முகாம் ஒன்று இருந்தது. "நீ செய்த ரோபோ எங்கே மாட்டிக்கொண்டது?" என்று கேட்டோம். அவனுக்குப் புரியவில்லை. அவனைச் செய்யவே விடவில்லை, செய்துவைத்ததைக் காட்டிப் படம் எடுத்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அவன் அப்பா பணம் கட்டியிருக்கிறார். அன்று எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை, அந்த முகாமை நடத்தியவர்கள் மேல் வந்தது. பெற்றோர்களே, தாளுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பழைய மிக்ஸியை வாங்கிக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இனி ஆசிரியர்களிடம் பேச வேண்டும், அது எனக்குக் கஷ்டமான பகுதி.

வேலையில் இருந்தபோது ஒரு மாணவன் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தான். அஞ்செட்டி ரோட்டில் காட்டோரமாக அவர்கள் நிலம். நாம் வழக்கமாக எழுதுவதுபோல, 'ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், கடின உழைப்பாளி' என்று எழுதினேன். அந்தப் படிவத்தில் கீழே ஒரு கேள்வி இருந்தது. இந்த மாணவர் தானாக யோசித்துச் செய்த ஒன்றை, நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள் என்று. ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் என் வகுப்பில், இரண்டாம் வரிசையில், ஜன்னலோரம் இருந்த பையன். எழுத என்னிடம் ஒரு வரி இல்லை. அவன் ஒழுக்கமானவன் என்று எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் போடமாட்டான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவனையே கூப்பிட்டு, "நீ வீட்ல என்னடா செய்வே?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். ராகி முற்றுகிற காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். பரணில் அப்பாவும் அவனும் மாறி மாறிக் காவல். இரண்டு பருவமாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருக்கிறான். அடுத்த நாள் கொண்டுவந்து காட்டினான். தேதி, நிலா எவ்வளவு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தன, எத்தனை, குட்டி உண்டா, எந்த வயலில் இறங்கின, எதை விட்டுவிட்டுப் போயின. ஓர் இடத்தில், 'பட்டாசுக்கு முதல் நாள் ஓடின, மூன்றாம் நாள் ஓடவில்லை' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். மழையில் நனைந்து ஓரம் சுருண்ட நோட்டு. அதே வருடம் அவன் எனக்குச் சூழலியல் பாடத்தில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு எழுதியிருந்தான்.

அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுதினேன். அந்த வருடம் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. கடிதம் காலம் தாழ்ந்து போனதற்கு நானும் ஒரு காரணம். இன்று ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். திருமணம் ஆகிவிட்டது. என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்று கேட்பான். போன மாதம் பார்த்தபோது, "நோட்டு இன்னும் வெச்சிருக்கியாடா?" என்றேன். "இப்ப நாலு நோட்டு இருக்குது மிஸ்" என்றான்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், வாரத்துக்கு ஒரு பிள்ளையிடம் பத்து நிமிடம் பேசி ஒரு வரி எழுதிவையுங்கள். வருட முடிவில் நாற்பது பேரைப் பற்றியும் உங்களிடம் ஒரு வரி இருக்கும். எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிவத்தை அனுப்பினாலும் உங்களால் எழுத முடியும்.

பிள்ளைகளே, உங்களில் பலர் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் பேசுகிறவர்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறீர்கள். ஆங்கிலம் வேண்டும், கற்றுக்கொள்ளுங்கள், அதில் சமாதானம் கிடையாது. ஆனால் ஒரே பொருளுக்கு மூன்று மொழியில் மூன்று சொல் தெரிந்த பிள்ளைக்கு நான்காவது சொல் தூரமில்லை.

எனக்கு எட்டு மணிக்குத்தான் பஸ். அதுவரை வெளியே வேப்பமரத்தடியில் இருப்பேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை, புத்தகத்தில் இல்லாத ஒன்றை, என்னிடம் வந்து சொல்லுங்கள். ரோஜாச் செடியில் வருகிற பூச்சியாக இருக்கலாம், அம்மா வட்டிக் கணக்குப் போடுகிற விதமாக இருக்கலாம், கம்பெனி பஸ் ஏன் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறது என்பதாக இருக்கலாம். சொல்லி முடித்ததும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். என்ன கேள்வி என்று உங்களுக்கே தெரியும். அதோ, மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை தூக்கிவிட்டாள். வாம்மா.